எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு தந்தை எழுதியிருந்ததைப் படித்தேன். மகனுக்கு வயது 26. பட்டம் வாங்கி நான்கு ஆண்டாகிறது. இடையில் இரண்டு வேலைக்குப் போய் இரண்டையும் விட்டுவிட்டான். இப்போது ஏதோ ஆன்லைன் படிப்பு என்கிறானாம், ராத்திரியில் யாருக்கோ கணினியில் வேலையும் செய்து கொடுக்கிறானாம். மகன் படிக்கிறானா, வேலை பார்க்கிறானா என்று உறவினர் கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று முடித்திருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் பிடிப்பில்லை என்று நடுவில் ஒரு வரியும் இருந்தது. அந்த வரிக்காக நான் எழுதவில்லை, எல்லாத் தலைமுறையும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறது. கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். அதே கேள்வி என் மேசையிலும் ஒரு படிவமாக 31 ஆண்டு இருந்தது.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் நூலகத்தில் கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமல்லாமல் முன்னாள் மாணவர்கள், வெளியில் இருப்பவர்கள் என்று யாரும் உறுப்பினராகலாம். சேரும் படிவத்தில் பெயர், வயது, முகவரிக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று மாணவர், மற்றது பணியாளர். மாணவர் என்றால் நான்கு புத்தகம், காப்புத்தொகை பாதி. பணியாளர் என்றால் இரண்டு புத்தகம், முழுத் தொகை. நான் சேர்ந்த புதிதில் இந்தக் கட்டங்களைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன் பெயரை எழுத யோசிப்பார்களா? அதுபோல்தான் இதுவும்.

முதலில் கேட்டவன் 23 வயதுப் பையன். "மேடம், எதுல டிக் பண்ணணும்?" என்றான். முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். வாரத்தில் ஐந்து இரவு ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலையும் பார்த்தான். இரண்டிலும் போடு என்றேன். அலுவலகத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது, ஓரத்தில் சிவப்பு மையில் 'ஏதேனும் ஒன்று' என்று எழுதி. அவன் கோபப்படவில்லை. "மாணவர்னே போட்டுக்குங்க மேடம், புத்தகம் எடுக்க வர்றது பகல்லதானே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். என் கடைசி ஆண்டுகளில் பத்துப் படிவம் வந்தால் மூன்று நான்கில் அந்த இடத்தில் ஏதாவது கோளாறு இருக்கும். இரண்டு டிக் இருக்கும், கேள்விக்குறி இருக்கும், 'தற்போது இல்லை' என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். ஒரு பெண் இரண்டையும் காலியாகவே விட்டுவிட்டாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நூலகர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் தூக்கிப் போட மாட்டோம். வாசலில் வைக்கும் வருகைப் பதிவேடுகள் பழைய பீரோவில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஓய்வு பெறுவதற்கு முந்தைய விடுமுறையில் உட்கார்ந்து புரட்டினேன். 90-களின் ஏடுகளில், உள்ளே வந்த நேரத்தைப் பார்த்தாலே வகுப்புக் கால அட்டவணையைச் சொல்லிவிடலாம். 10.50, 10.50, 10.52 என்று மணி அடித்ததும் ஒரே கூட்டமாக வந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள், ஒரே கூட்டமாகப் போயிருப்பார்கள். 2010-க்குப் பிந்தைய ஏடுகளில் அந்த ஒழுங்கு இல்லை. கதவு திறக்கும் முன்பே வந்து நின்றவனின் 7.55 இருக்கும். மாலை 4.40-க்கு வந்து 5 மணிக்குப் போனவர்கள் இருப்பார்கள். ஒரே பெயர் ஒரே நாளில் மூன்று முறை இருக்கும். வகுப்பு என்ற பத்தியில் பழக்கதோஷத்தில் தான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டு, அடித்து, மேலே 'எம்.காம்.' என்று திருத்தியவர்களும் உண்டு. 2020 மார்ச்சுக்குப் பிறகு பல மாதம் வெறும் தாள். அந்தச் சமயத்தில் உலகம் முழுவதும் சுமார் 160 கோடிப் பேரின் படிப்பு பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. என் ஏட்டில் அது, நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு யாரும் எழுதாமல் போன பக்கங்கள்.

மறுபடி திறந்தபோது வந்தவர்கள் வேறு மாதிரி வந்தார்கள். காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப், மேசையில் திறந்த பாடப்புத்தகம். ஒருவன் திடீரென்று எழுந்து மாடிப்படிக்கு ஓடுவான். எட்டிப் பார்த்தால் 'அமைதி காக்கவும்' பலகைக்குக் கீழே நின்று யாரிடமோ மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். மீட்டிங்காம். முதல் மாதம் திட்டிப் பார்த்தேன். அப்புறம் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டேன்.

கணக்கெடுப்பவர்களுக்கும் இந்தத் தலைவலி இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஊதியத்துக்காக ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர்தான். ஆறு நாளும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் ஒரு மணி நேரம் டியூஷன் எடுத்த பெண்ணும் வேலையில் இருப்பவள். சிறு வேலைகளும் விட்டுப்போகக் கூடாதென்று போட்ட விதி, அதில் தப்பில்லை. 'இளைஞர்' என்பதற்கு ஐ.நா. புள்ளிவிவரங்கள் எடுத்துக்கொள்ளும் வயது 15 முதல் 24 வரை. 1985-ஆம் ஆண்டின் சர்வதேச இளைஞர் ஆண்டுக்குத் தயாரானபோது வந்த எல்லை அது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் வாசகரின் மகன் இளைஞரே இல்லை!

படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாதவர்களை எண்ணும் வழக்கமும் வந்துவிட்டது. 1999-இல் பிரிட்டிஷ் அரசின் அறிக்கை ஒன்று 16 முதல் 18 வயதுக்காரர்களில் அப்படிப்பட்டவர்களைத் தனியாக எடுத்துப் பேசியது. பிறகு அந்த வகை உலகெங்கும் பரவியது. தொழிலாளர் அமைப்பின் கணக்கில் 2023-இல் உலக இளைஞர்களில் 20.4 விழுக்காடு, அதாவது ஐந்தில் ஒருவர், அந்த வகையில் வருகிறார்கள். நல்லது, எண்ணட்டும். ஆனால் இரண்டிலும் இல்லாதவரை எண்ணக் கற்றுக்கொண்ட நாம், இரண்டிலும் இருப்பவரைக் கண்டால் ஏன் 'ஏதேனும் ஒன்று' என்று சிவப்பு மையை எடுக்கிறோம்? அந்தத் தந்தைக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உங்கள் மகனின் வாழ்க்கையில் இருப்பதை விட நம் படிவத்தில்தான் அதிகக் கோளாறு இருக்கிறது.

இது புதுசும் இல்லை. நானே அப்படிப் படித்தவள்தான். பட்டம் முடித்ததும் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. நூலக அறிவியலை அஞ்சல்வழியில் படித்தேன். பழுப்பு உறையில் பாடங்கள் வரும். மேசை டிராயரைப் பாதி திறந்து அதற்குள் வைத்துப் படிப்பேன், மேலாளர் வந்தால் வயிற்றால் தள்ளி மூடிவிடுவேன். 'இன்னுமா படிக்கிறாள்' என்று வீட்டில் ஒரு பேச்சு, 'வேலையில் கவனம் இல்லை' என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. இரண்டு இடத்திலும் நான் பாதி ஆள்.

எனக்கு முன்னால் எத்தனையோ பேர். 1858-இலேயே லண்டன் பல்கலைக்கழகம் கல்லூரிக்கு வராதவர்களும் தேர்வெழுதிப் பட்டம் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது முன் தகுதி எதுவும் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று பி.பி.சி. தொலைக்காட்சியில் வேளைகெட்ட வேளையில் பாடம் ஒளிபரப்பாகும்.

எனக்குப் பிடித்த கதை அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தினுடையது. ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர், அங்கே வருவதற்கு முன் இருந்த இடத்தில் ஒன்றைக் கவனித்திருந்தார். படித்து முடித்தபின் நன்றாக வந்த மாணவர்களில் பலர் படிக்கும்போதே ஏதாவது வேலை பார்த்தவர்கள். 1906-இல் சின்சினாட்டியில் 27 மாணவர்களை வைத்து ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் தொழிற்சாலை. ஒரு பகுதி பிள்ளைகள் கரும்பலகைக்கு முன்னால் இருக்கும்போது மறுபகுதி இயந்திரத்துக்கு முன்னால், அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே. பயிலுநர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில், மற்ற நாள் தொழிற்பள்ளியில். ஒப்பந்தம் உண்டு, ஊதியம் உண்டு. 1969-இல் நாடு முழுமைக்கும் சட்டமே போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை மாணவர் என்றும் சொல்வதில்லை, பணியாளர் என்றும் சொல்வதில்லை. 'அட்சுபி' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நம் படிவத்திலும் மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று நான் கேட்பது அதைப் போன்ற ஒன்றைத்தான்.

அந்த இடங்களில் படிப்பையும் வேலையையும் சேர்த்துத் தைத்தது கல்லூரியும் தொழிற்சாலையும் சட்டமும். இப்போது என் கவுன்ட்டருக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்தத் தையல் வேலை முழுவதும் தங்கள் தலையில். வகுப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, ஷிஃப்ட் ஒரு பக்கம் இழுக்கிறது. கல்லூரிக்கு இவன் வேலைக்குப் போவது தெரியக் கூடாது, கம்பெனிக்கு இவன் பரீட்சை எழுதுவது தெரியக் கூடாது. பழைய ஆட்களுக்கும் இவர்களுக்கும் உள்ள பெரிய மாற்றமாக நான் பார்ப்பது இதை. உழைப்பு கூடியதா குறைந்ததா என்று நான் அளந்து பார்த்ததில்லை, ஒளித்து வைக்க வேண்டியது கூடியிருக்கிறது.

ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று கேட்டால், வேலை விளம்பரங்களைப் பாருங்கள் என்பேன். அறிவிப்புப் பலகையில் அவற்றை ஒட்டுவதும் என் பொறுப்புதான். 'புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்' என்ற வரிக்குக் கீழேயே 'இரண்டு ஆண்டு அனுபவம் விரும்பத்தக்கது' என்று இருக்கும். புதியவருக்கு ஏது அனுபவம்? அதை ஒரு பையன் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'எப்போது? எட்டாவதிலா?' என்று எழுதிவிட்டுப் போயிருந்தான். அறிவிப்பில் கிறுக்கக் கூடாதுதான். நான் அழிக்கவில்லை. அனுபவத்தைப் படிக்கும்போதே தேடிக்கொள் என்கிறது விளம்பரம், தேடப் போனால் வருகை குறைவு என்று தேர்வெழுத விடாமல் நிறுத்துகிறது கல்லூரி. இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் ஆறு மாதம் ஊதியமில்லாமல் வேலை வாங்கிக்கொண்டு சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. வீட்டில் வசதி இருக்கிற பிள்ளை அதையும் தாங்கும், மற்றப் பிள்ளைகள் என்ன செய்யும்?

ஆன்லைன் படிப்பைப் பற்றியும் அந்த வாசகர் எரிச்சல்பட்டிருந்தார், எதையும் முடிப்பதில்லை என்று. உண்மைதான். 2012-இல் கோர்செரா, எட்எக்ஸ் போன்றவை வந்து பெரிய பல்கலைக்கழகப் பாடங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றபோது, ஒரே வகுப்பில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலான வகுப்புகளைக் கடைசிவரை முடித்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கல்லூரிக்காரர்கள் கண்ணுக்கு இது தோல்வி. நூலகக்காரி கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. முழுதாகப் படித்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருந்திருந்தால் என் அலமாரிகள் எல்லாம் காலியாகத்தான் கிடந்திருக்கும். தேவையான இரண்டு அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்தான் அதிகம், அவர்களில் நல்ல வாசகர்களும் இருந்தார்கள். வேலைக்கு வேண்டிய ஒரு பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டு வெளியேறிய பையனை, பாதியில் விட்டவன் என்ற வரிசையில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சான்றிதழுக்காக மட்டும் வீடியோவை ஓடவிட்டுத் தூங்கினவர்களும் உண்டு, அதையும் என் வாசிப்பறையிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தக் காலிக் கட்டப் பெண்ணுக்கு வருகிறேன். பட்டதாரி, 25 வயது இருக்கும். மதியம் 2.10-க்கு வருவாள், 2.55-க்குப் போய்விடுவாள். பதிவேட்டில் பார்த்தால் மாதக்கணக்காக அதே 2.10, அதே 2.55. கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்தாள், ஏதோ போட்டித் தேர்வுக்கு. 14 நாள் கழித்துப் புதுப்பித்தாள். மறுபடி புதுப்பித்தாள். இரண்டு முறைக்கு மேல் புதுப்பிக்க விதியில் இடமில்லை. நான் திருப்பிப் பெற்றதாக முத்திரை குத்தி அடுத்த நிமிடமே அவள் பெயருக்கே மீண்டும் கொடுப்பேன். அந்தப் புத்தகத்தின் தேதிச் சீட்டு முழுவதும் 14 நாள் இடைவெளியில் இறங்கிக்கொண்டே போகும், எல்லாம் ஒரே ஆளுடையது. படிவத்தை ஏன் காலியாக விட்டாய், என்ன பண்றே என்று ஒரு நாள் கேட்டேன். "ஒண்ணும் பண்ணலை மேடம், வீட்டுலதான் இருக்கேன்" என்றாள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியை அவள்தான் தூக்கி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். அண்ணன் குழந்தையைப் பள்ளியில் விட்டு மூன்று மணிக்கு அழைத்து வருகிறாள். பாட்டி தூங்கும் நேரம்தான் அந்த 45 நிமிடம். இவ்வளவும் சேர்ந்து அவள் கணக்கில் 'ஒண்ணும் பண்ணலை'.

படிப்பு, வேலை, பயிற்சி மூன்றிலும் இல்லாத இளைஞர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்கிறது தொழிலாளர் அமைப்பின் அறிக்கை. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேதிச் சீட்டு நினைவுக்கு வரும். அவள் தேர்வு எழுதினாளா, என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். காப்புத்தொகையை வாங்க வரவே இல்லை.

ஆண்டு ஒன்று, இரண்டு முன்பின் ஆவதிலும் எவ்வளவோ இருக்கிறது. எங்கள் தலைமுறை அப்பாக்கள் தாங்கள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டை வைத்து மகன்களை அளக்கிறார்கள். கனடாவில் பட்டதாரிகளை நீண்ட காலம் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. பொருளாதார மந்தத்தின்போது பட்டம் வாங்கி வெளியே வந்தவர்கள், நல்ல ஆண்டில் வந்தவர்களை விடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். அந்த வித்தியாசம் தேய்ந்து மறையப் பத்தாண்டு ஆனது. வேலை மாறி மாறித்தான் பலர் மேலே வந்தார்கள். அந்த வாசகரின் மகன் எந்த ஆண்டில் பட்டம் வாங்கினான், அப்போது வெளியே நிலைமை எப்படி இருந்தது என்று அப்பா ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். இரண்டு வேலையை விட்டான் என்பதில் பாதி அவன் ஜாதகத்தில் இருக்கலாம், ஜாதகம் என்று நான் சொல்வது நாட்காட்டியை.

இதையெல்லாம் கேட்டு நான் ஏதோ இரண்டு குதிரைச் சவாரியைப் புகழ்வதாக நினைக்க வேண்டாம். வாசிப்பறையில் நெற்றியை மேசையில் வைத்துத் தூங்கும் பிள்ளைகளை எழுப்பிய கை இது. ஒருவனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல படிப்பாளி. பொருள்களை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலை பார்த்தான். செயலியில் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் மாலையில், அதுவும் வார இறுதியில் ஓடினால்தான் கைக்கு ஏதாவது வரும். தேர்வு நெருங்கும்போது வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு பாடம் அரியர். நான் அவனைக் கூப்பிட்டு, வேலையை விடு, ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடி என்றேன். பெரிய மனுஷி தோரணையில் சொன்னேன். அவனும் மதித்து விட்டுவிட்டான். அடுத்த பருவக் கட்டணம் கட்ட முடியவில்லை. படிப்பும் போயிற்று. கடைசியாகப் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தபோது, "நீங்க சொன்னது சரிதான் மேடம், எனக்குத்தான் ஒத்து வரலை" என்றான். என்னைத் திட்டியிருக்கலாம். நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, வேலையை விட முடியுமா என்பது இல்லை, வாரம் எத்தனை மணி நேரம் குறைத்தால் கட்டணமும் வரும், பாடமும் நிற்கும் என்பது.

அந்தக் கேள்வியைச் சில அரசுகள் வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் கேட்டிருக்கின்றன. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் பொதுவாக வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி. கனடாவில் 2024 நவம்பரில் 20-லிருந்து 24 ஆக்கினார்கள். 20 சரியா 24 சரியா என்று சண்டை போடலாம், அவர்களுக்கு அதில் வேறு கணக்குகளும் உண்டு. ஆனாலும் படிக்கிற ஆள் வேலையும் பார்ப்பார் என்று ஒப்புக்கொண்டால்தான் எத்தனை மணி என்ற பேச்சே வரும். ஒப்புக்கொள்ளாத இடத்தில் அளவும் இல்லை, 40 மணி ஓடுகிறவனைப் பற்றிக் கேட்கவும் ஆள் இல்லை.

அதனால் கல்லூரிகளையும் வேலை கொடுப்பவர்களையும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேலை பார்க்கும் மாணவன் அதை மறைக்காமல் எழுதிக் கொடுக்கலாம், அதனால் தண்டனை இல்லை என்று ஒரு வழி வையுங்கள். வருகைக் கணக்கில் அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும், கட்டணத்தைப் பிரித்துக் கட்ட வழி வேண்டும். ஓர் ஆண்டு நிறுத்திவிட்டுப் பிறகு வந்தால் விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். பரீட்சை வாரத்தில் ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தால் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது. நூலகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கட்டும். இதற்கு மட்டும் நான் 11 முறை கடிதம் எழுதினேன். 'ஆள் பற்றாக்குறை' என்று ஒரே பதில், ஒரு முறை தேதிகூட மாற்றாமல் பழைய பதிலின் நகலே வந்தது.

உங்கள் நாளிதழுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளித் தேர்வு முடிவு வரும் வாரத்தில் அடுத்து என்ன படிக்கலாம் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். 17 வயதுக்கு அத்தனை ஆலோசனை. 24, 25-இல் ஒரு வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்க நினைக்கிற பெண்ணுக்கும், வேலையோடு படிப்பை இழுத்துக்கொண்டு போகிற பையனுக்கும் ஆண்டு முழுவதும் அரைப் பக்கம்கூடக் கிடையாது. அவர்களைப் பற்றி வருவதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் எழுதும் புகார்க் கடிதங்கள்தான். அவர்களையே எழுதச் சொல்லுங்களேன். எழுத நேரம் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் ஒரு காரியம் செய்தேன். கவுன்ட்டர் டிராயரில் அச்சடித்த படிவங்கள் நாற்பது மீதம் இருந்தன. ஸ்கேலையும் பேனாவையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். அதற்குப் பெயர் எழுதவில்லை, பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன், நிரப்புகிறவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று. நான் இருந்தவரை 23 படிவம் போயின. அந்தக் கோட்டில் என்னென்னவோ எழுதினார்கள். 'காலையில் கல்லூரி', 'அப்பா கடையில்', 'வேலை தேடிக்கொண்டே தட்டச்சு', 'இரண்டும்', 'பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்'. கடைசியாக எழுதியவள் வேறு ஒரு பெண். அலுவலகத்திலிருந்து இந்த முறை எதுவும் திரும்பி வரவில்லை. யாரும் படித்துப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு புத்தகம் தேடி அங்கே போயிருந்தேன். படிவம் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள், நல்ல தாள். இரண்டு கட்டம்தான். படிக்கட்டுத் திருப்பத்து நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது, ஒரு பையன் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான்.

கடிதம் நீண்டுவிட்டது. வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த 45 நிமிடப் பெண்ணை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர்